கையை எடுங்க அத்தான்

"கையை எடுங்க அத்தான்" என்று நான் கத்தாத நாளே கிடையாது. பட்டறையில் கத்தியிருக்கிறேன், போனில் கத்தியிருக்கிறேன், ஒருமுறை வெளியாட்கள் முன்னாலேயே கத்திவிட்டு அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கேட்டால்தானே! எதைக் கண்டாலும் அதன் தோளில் கைபோட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளாவிட்டால் அந்த மனுஷனுக்குத் தூக்கம் வராது. கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத மாப்பிள்ளையின் தோளில் கைபோடுவார். யாரோ நிறுத்திவிட்டுப் போன கார் மேல் சாய்ந்து நிற்பார். புது ஃபிரிட்ஜ் வாங்கிய அன்று அதன் மேல் கைவைத்து எடுத்த படம் அவர்கள் வீட்டு ஹாலில் இன்னும் தொங்குகிறது. ஃபிரிட்ஜ் பாவம், பேசாமல் நின்றது. என் மெஷின் அந்த ரகம் இல்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். கம்பெனி அவருடையது. ஆஸ்பத்திரிகளில் சமையலறையிலிருந்து வார்டுக்குச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கொண்டுபோகிற மெஷின் செய்கிறோம். அதை விழாமல் நிற்கவைப்பதும் நடக்கவைப்பதும் என் வேலை. ஆள் உயரம், குச்சி உடம்பு, வயிற்றில் தட்டு அடுக்குகள், அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே சக்கரம். நாங்கள் வைத்த பெயர் நெட்டையன்.

இரண்டு சக்கரத்தில் எப்படி நிற்கும் என்று எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். நிற்பதே இல்லை என்பதுதான் உண்மை. நெட்டையன் எப்போதும் விழுந்துகொண்டே இருக்கிறான். எந்தப் பக்கம் விழுகிறானோ அந்தப் பக்கம் சக்கரத்தை ஓட்டித் தன்னைத் தானே தாங்கிக்கொள்கிறான். இடுப்பில் ஒரு சென்சார், எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் சாய்கிறோம் என்று சொல்லும். சக்கரத்தில் இன்னொன்று, எவ்வளவு உருண்டோம் என்று சொல்லும். கண்ணை மூடித் திறப்பதற்குள் இவற்றைப் பலமுறை கேட்டு, அதற்குத் தகுந்தபடி மோட்டாரை முன்னும் பின்னும் முடுக்குவதுதான் நான் எழுதிய புரோகிராம்.

அதில் ஒரு பகுதிக்கு நான் 'பிடிவாதம்' என்று பெயர் வைத்திருந்தேன். முன்னால் போ என்று சொல்லி அவனால் போக முடியவில்லை என்றால், கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்து தள்ளுவான். அப்படியும் நகரவில்லையா, இன்னும் கொஞ்சம். நகரும்வரை சேர்த்துக்கொண்டே போவான். இந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் மேடு ஏற முடியாது. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இருக்கிற குணம்தான், மெஷினுக்கும் கொடுத்துவைத்தேன்.

ஆனால் அவனுக்குக் கண் கிடையாது. எதிரே இருப்பது மேடா, யாராவது கைவைத்துப் பிடித்திருக்கிறார்களா என்று அவனுக்குத் தெரியாது. இரண்டும் அவனுக்கு ஒன்றுதான். நீங்கள் பிடித்துக்கொண்டே நின்றால், பிடித்திருக்கிற ஒவ்வொரு நொடியும் அவன் உள்ளுக்குள் சேர்த்துவைக்கிறான். பூட்டிய கதவு என்று நினைத்து முழு உடம்பையும் கொடுத்து ஒருவன் தள்ளிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கத்திலிருந்து யாராவது சட்டென்று திறந்துவிட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆகும்.

அத்தானுக்கு இது தெரியாதா என்றால், என்னைவிட நன்றாகத் தெரியும். ஆரம்பத்தில் பட்டறையிலேயே நெட்டையனின் நெஞ்சில் கைவைத்து போட்டோவுக்குப் பல்லைக் காட்டினார். காட்டிவிட்டுக் கையை எடுத்தார். நெட்டையன் பாய்ந்து போய்ச் சுவரோரம் இருந்த வாஷ்பேசினைத் தூள் தூளாக்கினான். முதலில் சிரித்தவர், பீங்கான் சில்லுகளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டார். அன்றே நான் உட்கார்ந்து, பிடிவாதம் ஓர் அளவுக்கு மேல் ஏறாதபடி புரோகிராமில் ஒரு வரம்பு போட்டேன். கடிவாளம் என்று அதற்குப் பெயர். தொடுவதற்கு முன்னால் ரிமோட்டில் இருக்கிற சிவப்பு பட்டனை அமுக்க வேண்டும் என்று சட்டமும் போட்டேன். அமுக்கினால் மோட்டார் நின்று, பக்கவாட்டில் இரண்டு கால்கள் இறங்கித் தாங்கிக்கொள்ளும். சட்டத்தை எல்லோரும் மதித்தார்கள், ஒருத்தரைத் தவிர.

அப்புறம் அந்த ஆஸ்பத்திரி வந்தது. பெரிய ஆர்டர். சமையலறைக்கும் வார்டுக்கும் நடுவே ஒரு சரிவு. தட்டுகள் முழுக்க ஏற்றினால், கடிவாளம் போட்ட நெட்டையன் பாதி மேட்டில் முக்கிக்கொண்டு நின்றுவிட்டான்.

"நெஞ்சில ஒரு தொடு சென்சார் வைக்கணும் அத்தான். கை பட்டா தெரியும், உடனே பிடிவாதத்தை பூஜ்யமாக்கிடலாம். அப்புறம் கடிவாளத்தைத் தளர்த்தலாம். ஒரு வாரம் குடுங்க."

"ஒரு வாரமா? ஆர்டர் என்ன உன் அத்தை மகனா, காத்துக்கிட்டு இருக்கிறதுக்கு? கழட்டி விடு."

"முடியாது."

"முடியாதா?"

"முடியாதுன்னா முடியாது."

விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவராவது விடுகிறவராவது!

ஆஸ்பத்திரியில் செய்துகாட்டும் நாளன்று நெட்டையன் முழுச் சுமையோடு மேட்டில் ஜோராக ஏறினான். எல்லோரும் கைதட்டினார்களாம். நான் பார்க்கவில்லை, கீழே சமையலறையில் அடுத்த நடைக்குத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். கைதட்டல் கேட்டது. எப்படி ஏறினான் என்று குழம்பிக்கொண்டிருக்கும்போதே மேலே தடால் என்று சத்தம், பின்னாலேயே ஒரு பெண்ணின் அலறல். ஓடினேன்.

வார்டு காரிடாரில் சூப் வழிந்து கிடந்தது. அதன் நடுவில் ஒரு பெண்மணி வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டம்மா என்றுதான் வார்டு முழுக்க அவரைக் கூப்பிடுவார்கள். நோயாளிகளுக்குத் தட்டு கொண்டுபோய்க் கொடுக்கிறவர். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. நெட்டையன் சுவரில் மோதிச் சாய்ந்து கிடந்தான். சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

அத்தான் ஒரு கையில் போனோடு நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் திறந்துவிட்டார். "இந்தம்மா வந்து இடிச்சிட்டாங்க. மெஷின் பேலன்ஸ் போயிடுச்சு."

எவ்வளவு கூசாமல் சொன்னார் என்கிறீர்கள்! கீழே ஒருத்தி எலும்பு உடைந்து துடிக்கிறாள், ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை, பழியைத் தூக்கி அவள் தலையிலேயே கட்டிவிட்டார்.

மெஷினைப் பட்டறைக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தேன். கடிவாளம் இருந்த இடத்தில் கடிவாளம் இல்லை. நேராக அவர் அறைக்குப் போனேன்.

"யார் கழட்டினது?"

"நான்தான். நானும் இன்ஜினியர்தானே? கத்தாதே, வெளியில கேக்குது."

"கேக்கட்டும்! கையை வச்சுட்டு எடுத்தீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போட்டோவுக்கு வச்சேன். போன் வந்துச்சு, எடுத்தேன். இதெல்லாம் ஒரு விஷயமா? வெள்ளிக்கிழமை விசாரணை வச்சிருக்காங்க. நீ மெஷினைக் கொண்டு வா. கடிவாளத்தை மறுபடி போட்டுக் கொண்டு வா. நான் எல்லார் முன்னாலயும் கையை வச்சு எடுத்துக் காட்டறேன், ஒண்ணும் ஆகாது. அந்தம்மா இடிச்சதாலதான்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, நீதான் செஞ்சவ, நம்புவாங்க. முடிஞ்சு போச்சு."

"அவங்க வேலை போயிடும்."

"அதுக்கு நான் என்ன பண்றது? இந்த ஆர்டர் போனா பட்டறையையே இழுத்து மூடணும். உன் வேலையும் சேர்த்துத்தான்."

நான் சரி என்று சொல்லவில்லை. தலைகூட ஆட்டவில்லை. ஆட்டியதாக அவரே நினைத்துக்கொண்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விசாரணை முடிகிறவரை வர வேண்டாம் என்று சொல்லியும், சாப்பாட்டம்மா சமையலறைக்கு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். முழங்கைவரை மாவுக்கட்டு. இடது கையால் ஸ்பூன்களைத் துடைத்துத் துடைத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீதானேம்மா அந்த மெஷினைச் செஞ்சது?"

"ஆமாம்மா. மெஷினைச் செஞ்சது நான். கையை வச்சது எங்க அத்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதைத்தானே நானும் சொன்னேன். அவர் அதைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு. போன் அடிச்சுது, கையை எடுத்தாரு, அது சும்மா வெறி புடிச்ச மாதிரி வந்துச்சு. எனக்கு ரெண்டு கையிலயும் தட்டு. எதை வச்சுத் தடுப்பேன் சொல்லு?"

"நீங்க இடிச்சீங்கன்னு சொல்றாங்க."

ஸ்பூனை டப்பாவில் விட்டெறிந்தார். "இந்தக் காரிடார்ல நான் கண்ணை மூடிட்டு நடப்பேன். ஒரு சொட்டு சிந்தினது கிடையாது. நானா போய் இடிப்பேன்? கை வலியைக்கூடப் பொறுத்துக்கலாம்மா. இடிச்சேன்னு சொல்றானே, அதுதான் தாங்கல." பிறகு குரல் இறங்கிவிட்டது. "இந்தக் கையோட வெளியில அனுப்பினா வேற எவன் வேலை குடுப்பான்?"

அங்கேயே அழுதுவிடுவேனோ என்று எழுந்து வந்துவிட்டேன்.

அன்று மாலை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். "ஏண்டி, அவரை எதிர்த்துப் பேசினியாமே?"

"கடிவாளத்தைக் கழட்டினது அவர்தான் அக்கா. கையை வச்சதும் அவர்தான்."

"கையை வச்சா என்னடி? அவர் எதுல கை வைக்கல? கை வச்சா ஒண்ணும் ஆகாது, அந்தப் பொம்பளை இடிச்சதுதான்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றார்."

"உன் தலையிலயா?"

"ஆமாம், என் தலையிலதான்!" அவள் கண் கலங்கிவிட்டது. "நீ வாயைத் திறந்து ஏதாவது உளறினே, அப்புறம் அக்கான்னு ஒருத்தி இருக்கிறதையே மறந்துடு."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். என் மேல் அவளுக்கு இருந்த கோபத்தைவிட, அவள் தலையில் கைவைத்த அந்த ஆள் மேல் எனக்கு இருந்த கோபம் பெரிது. அந்தக் கையை அவர் வேறு எங்கேயாவது வைத்திருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமை நெட்டையனை வண்டியில் ஏற்றினேன். புரோகிராமில் ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை.

விசாரணை அதே காரிடாரில் நடந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகி, ஒல்லியான ஒரு அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "எங்க நடந்துச்சோ அங்கேயே பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டார். சுவரோரம் நாற்காலி போட்டிருந்தார்கள். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்க்கவில்லை. சாப்பாட்டம்மாவுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. அவர் சமையலறைப் பக்கத்துக் கதவை ஒட்டி நின்றார். காரிடாரின் அந்தக் கோடியில் இரண்டு மெத்தைகளைக் கேட்டு வாங்கிச் சுவரில் சாத்திவைத்தேன்.

அத்தான் வெள்ளைச் சட்டையும் வழவழப் பேச்சுமாக ஆரம்பித்தார். "மெஷின்ல எந்தக் குறையும் இல்ல மேடம். இரண்டு சக்கரத்துல நிக்கிற பொருள். அந்தம்மா தெரியாம இடிச்சிட்டாங்க. வயசாச்சு, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது."

எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்!

நிர்வாகி என்னைப் பார்த்தார். "நீங்கதானே இதைச் செஞ்சவங்க? இடிச்சா இப்படிப் பாயுமா?"

அத்தான் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நான் நெட்டையனை இயக்கினேன். கால்களை மடக்கிக்கொண்டு, ஒரு குலுங்கு குலுங்கி, இரண்டு சக்கரத்தில் நின்றான்.

"இடிச்சுப் பாத்துடலாம் மேடம்" என்று சொல்லிவிட்டு, செருப்புக் காலால் அவன் இடுப்பில் ஓங்கி ஒரு உதை விட்டேன். யாரோ "ஐயோ" என்றார்கள். நெட்டையன் தள்ளாடினான், நாலடி பின்னால் உருண்டான், நிதானித்துப் பழைய இடத்துக்கே வந்து நின்றான். தோளால் ஒரு இடி இடித்தேன். அதற்கும் அப்படியேதான்.

"நான் தினமும் உதைக்கிற மெஷின் இது. இடிச்சா விழாது, பாயவும் செய்யாது."

அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஆள் சாமானியப்பட்டவரா? சுதாரித்துக்கொண்டார். "இடிக்கிறதுல எத்தனையோ விதம் இருக்கு மேடம். நான் கையை வச்சதாலன்னு அந்தம்மா சொல்றாங்க. அதையும் பாத்துடலாம். ஒண்ணும் ஆகாது, பாருங்க."

அவரேதான் வந்தார். நான் கூப்பிடவில்லை. நெட்டையனின் பக்கத்தில் போய் நின்று, அன்றைக்குப் போலவே வலது கையை நீட்டி அவன் நெஞ்சில் வைத்தார். கடிவாளம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் நாற்காலிகளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

"அன்னிக்கு மாதிரியே முன்னால போகச் சொல்றேன் அத்தான்" என்று ரிமோட்டை அமுக்கினேன். இன்னொரு விரல் சிவப்பு பட்டனில் இருந்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மோட்டாரின் ரீங்காரம் ஒரு சுதி ஏறியது. அத்தானின் முழங்கை லேசாக மடங்கியது, நிமிர்த்திக்கொண்டார். ரீங்காரம் இன்னும் ஏறியது. நெட்டையன் அவர் கையில் சாய ஆரம்பித்தான். அத்தான் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இடது கையையும் கொண்டுவந்து வைத்தார்.

"போதும்" என்றார்.

"கையை எடுத்துக் காட்டறேன்னு சொன்னீங்களே" என்றார் நிர்வாகி.

"எடுக்கலாம்... எடுக்கலாம் மேடம். முதல்ல அதை ஆஃப் பண்ணச் சொல்லுங்க."

"ஏன்? ஒண்ணும் ஆகாதுன்னுதானே சொன்னீங்க?"

அவர் நெற்றியில் வியர்வை கோத்துக்கொண்டது. ஷூ தரையில் கிறீச்சிட்டு வழுக்கியது. எனக்கு ஒரு துளி இரக்கம் வரவில்லை, சொல்லிவிடுகிறேன்.

அந்த நேரத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சாப்பாட்டம்மா கதவை விட்டு நகர்ந்து காரிடாருக்குள் வந்தார். நேராக நடந்து, நெட்டையனுக்கு எதிரே, அன்று சூப் கொட்டிக் கிடந்த அதே இடத்தில் நின்றார். மாவுக்கட்டுப் போட்ட கையை முன்னால் மடித்துப் பிடித்துக்கொண்டார்.

"நான் அன்னிக்கு இங்கதான் சார் நின்னேன்" என்றார். "இப்ப இடிக்க மாட்டேன், அசையாம நிக்கிறேன். கையை எடுங்க."

"அம்மா, தள்ளுங்க!" என்று நான் கத்தினேன்.

என்னைவிடப் பலமாக அத்தான் கத்தினார். கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, இரண்டு கையாலும் மெஷினை அணைத்துப் பிடித்துக்கொண்டு கத்தினார். "தள்ளிப் போம்மா! விட்டா வந்து அடிச்சிடும்! தள்ளிப் போ! ஏய், அமுக்குடி அதை!"

அமுக்கினேன். ரீங்காரம் அறுந்தது. நெட்டையனின் கால்கள் டக்கென்று இறங்கித் தரையில் ஊன்றிக்கொண்டன.

நிர்வாகி கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். எழுந்து, தன் நாற்காலியை எடுத்துவந்து சாப்பாட்டம்மாவுக்குப் பின்னால் போட்டார். "உக்காருங்கம்மா. உங்க வேலை எங்கயும் போகாது. கை சரியாகிறவரைக்கும் பாத்துக்கிறது எங்க பொறுப்பு." பிறகு அத்தான் பக்கம் திரும்பினார். "விட்டா அடிச்சிடும்னு உங்களுக்கு முன்னாலயே தெரியும், இல்லையா?"

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். ஒரு கை கைப்பையைப் பிடித்திருந்தது. இன்னொரு கை, அவளுக்கே தெரியாமல், தன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் நின்று வெகுநேரம் ஆகிவிட்டது. அவர் இன்னும் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். இந்த முறை நான் கத்தவில்லை.

"கையை எடுங்க அத்தான்" என்றேன்.